மூச்சும் பதிவாகும் அறை

அத்தியாயம் பதினான்கு

குழாயைத் திறந்துவிட்டால் இருமல் வெளியே கேட்காது என்று ராணியம்மா நம்பியிருந்தாள். கதவுக்கு வெளியே நின்ற மருமகளுக்குக் கேட்டுவிட்டது.

சென்ற வாரம் அந்தக் குளியலறைக் கதவின் இருபுறமும் நின்றவர்கள், இன்று காலை தொண்டை மருத்துவரின் காத்திருப்பு அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். வாஷ்பேசின் ஓரத்தில் கழுவ மறந்துபோன ஒரு சிவப்புக் கீற்றுதான் மாமியாரையும் மருமகளையும் ஒரே பக்கத்தில் சேர்த்து வைத்திருந்தது.

"உன் புருஷன்கிட்ட சொல்லாதே. மாமாகிட்ட மூச்சு விடாதே" என்று ராணியம்மா கேட்டிருந்தாள். மருமகளும் "சரிங்க அத்தை" என்றிருந்தாள்.

ராணியம்மா என்பது தெரு வைத்த பெயர். 'எழுகடல் அரியணை' படத்தின் முதல் பாகம் வந்த பிறகு வைத்தது. வேறொரு மொழியில் எடுக்கப்பட்ட அந்தப் பெரும்படத்தில், பிள்ளைகளைப் போருக்கு அனுப்பிவிட்டுக் கோட்டை வாசலில் நிற்கும் பேரரசிக்குத் தமிழில் குரல் கொடுத்தவள் இவள். திரையில் தெரிந்த முகம் வேறொருத்தியுடையது. தமிழ் பேசும் வீடுகளில் அதிர்ந்ததோ இவளுடைய தொண்டை.

"என் வாசலில் நின்று பேசுபவன், தலை குனிந்து பேசட்டும்."

அந்த ஒரு வரியைச் சொல்லிப் பார்க்காத வாய் ஊரில் இல்லை. பேருந்தில் காலை அகட்டி உட்கார்ந்தவனிடம் கல்லூரிப் பெண்கள் சொன்னார்கள். மருமகள் வேலை பார்க்கும் கூரியர் அலுவலகத்தில், மேசையைத் தட்டிக் கத்திய வாடிக்கையாளர் ஒருவரிடம் பக்கத்து இருக்கைக்காரி சொல்ல, அந்த மனிதரே சிரித்துவிட்டு வரிசைக்குத் திரும்பினார்.

யானைகளும் தீப்பந்தங்களும் அந்தப் படத்துக்குக் கூட்டத்தைக் கூட்டியிருக்கலாம். கூட்டம் திரும்பத் திரும்ப வந்ததற்குக் காரணம் வேறு. வாழ்நாள் முழுவதும் தாழ்ந்த குரலில் பேசிப் பழகியவர்கள், தாழாத குரல் ஒன்றை இருட்டில் உட்கார்ந்து கேட்டார்கள். வெளிச்சத்துக்கு வந்த பிறகும் அதில் கொஞ்சம் அவர்கள் நாவில் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டாம் பாகமோ, இளைய இளவரசனுக்குப் பின்னால் கோட்டைக் கதவு மூடிக்கொள்வதோடு நின்றுவிட்டது. அவன் உயிரோடு இருக்கிறானா என்ற கேள்வி அன்றிலிருந்து ஒவ்வொரு வீட்டுக் கூடத்திலும் வாடகை தராமல் குடியிருந்தது.

"பழைய நம்பர்தானே மேடம்? கார்டுல இருக்கறதே?"

வரவேற்பு மேசைப் பெண் கேட்டது மருமகளிடம். கண்ணெல்லாம் ராணியம்மா மேல் இருந்தது. யாரென்று தெரிந்துகொண்டுவிட்ட பூரிப்பு அவள் முகத்தில்.

மருமகள் தலையாட்டினாள். மனம் முழுதும் மருத்துவரின் மூடிய கதவில் இருந்தது. அந்தக் குடும்பக் கார்டு எப்போதோ மாமனாரின் காதுவலிக்காகப் போட்டது என்பதும், அதில் இருப்பது அவருடைய எண் என்பதும் அவளுக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

மருத்துவர் கைகழுவிக்கொண்டே சிரித்தார்.

"மேடம், நான் நியாயமா வைத்தியத்தைப் பத்திப் பேசணும். ஆனா என் பொண்ணு கேட்டுட்டு வரச் சொல்லிட்டா. இளையவன் இருக்கானா, போயிட்டானா?"

"அதைச் சொன்னா என்னை வெச்சு வேலை வாங்கறவங்க என் தொண்டையை நெரிச்சிடுவாங்க டாக்டர்" என்றாள் ராணியம்மா. குரல் நடுவில் ஒருமுறை கரகரத்து மேலெழுந்தது.

"அப்ப எனக்கு வேலை மிச்சம்" என்று சிரித்தபடி, மெல்லிய குழாய்க் கேமராவை அவள் மூக்கின் வழியே இறக்கினார்.

சுவரிலிருந்த திரையில் அவளுடைய குரல் தெரிந்தது. இத்தனை காலம் ஊரையே நிமிர்த்தி உட்கார வைத்த குரல், இரண்டு வெளிர் நாண்களாக, ஒரு சிறிய வாசலைப் போலத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஒரு பக்க நாணின் விளிம்பில், மிளகை விடச் சற்றுப் பெரிதாக, செக்கச்செவேலென்று ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"'ஈ'ன்னு சொல்லுங்க."

சொன்னாள். நாண்கள் நெருங்கின. சிவப்பு குறுக்கே நின்றது. வாசல் முழுதாக மூடவில்லை.

மருத்துவரின் சிரிப்பு எப்போது போயிற்று என்று மருமகள் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது அது இல்லை.

"என்ன டாக்டர்?"

"ஒரு வளர்ச்சி இருக்கு. நல்லதா கெட்டதான்னு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாத்தான் தெரியும். சீக்கிரம் எடுத்துடணும். எப்போன்னு ஆபரேஷன் தியேட்டர்ல கேட்டுட்டு ஃபோன் பண்ணச் சொல்றேன்." குழாயை மெதுவாக வெளியே இழுத்தார். "அதுவரைக்கும் பேசக்கூடாது. கிசுகிசுன்னு பேசறது கூடாது, அதுவும் தொண்டையை இறுக்கும். கத்தறதைப் பத்தி நான் சொல்லவே வேண்டாம். ரத்தம் கசிஞ்சா குரல் நிரந்தரமாப் போகக்கூட வாய்ப்பிருக்கு."

ராணியம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மிகச் சாதாரணமாக, கடையில் விலை விசாரிப்பவளைப் போலக் கேட்டாள்.

"இன்னிக்கு மட்டும் ஒரே ஒரு தடவை கத்தினா?"

மருத்துவர் மருமகளைப் பார்த்தார். மருமகள் தரையைப் பார்த்தாள்.

டாக்ஸியில் சண்டை தொடங்கியது. ஒருத்தி கத்தக்கூடாது, இன்னொருத்தி கத்தத் துணியாதவள். ஆகையால் அது வெளியே தெரியாத சண்டையாக இருந்தது.

"வீட்டுக்குப் போலாம் அத்தை. நான் அவர்கிட்ட ஏதாவது சொல்லிக்கறேன்."

"ஸ்டூடியோவுக்குப் போகச் சொல்லு."

"ஒரு வார்த்தைதானே மிச்சம்? வேற யாராவது அந்த ஒரு கத்தலைக் கத்திட்டுப் போகட்டுமே. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்." ராணியம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "மூணு பாகமும் அவளை இடுப்புல தூக்கிட்டு வந்திருக்கேன். வாசப்படியில வெச்சு வேற ஒருத்தி கையில குடுத்துட்டுப் போகவா? நீயா இருந்தா குடுப்பியா?"

"நானா இருந்தா பயத்துல ஆஸ்பத்திரி பெஞ்சைவிட்டே எழுந்திருக்க மாட்டேன்."

"நானும் எழுந்திருக்கல கண்ணு. அவதான் எழுந்து வந்துட்டா."

மூன்றாம் பாகத்தின் கடைசிக் காட்சி அது. கோட்டைக் கதவு திறக்கிறது. புழுதிக்குள்ளிருந்து ஓர் உருவம் வருகிறது. அது யார் என்று தெரியுமுன்பே பேரரசி மதில்மேல் நின்று கூவுகிறாள். "மகனே!" அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் டப்பிங் இயக்குநர் தலையில் துண்டு போடாத குறையாகக் காத்துக்கொண்டிருந்தார். மாலைக்குள் ஒலிநாடா முழுதாகப் போய்ச் சேர வேண்டும். திரையரங்குகளில் முன்பதிவு எப்போதோ தீர்ந்துவிட்டது.

இந்த இடத்தில் பெரியவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ராணியம்மாவின் கணவர், மருமகளின் மாமனார்.

அவர் ஒருநாளும் கை நீட்டியவரில்லை. கை அவருக்குத் தேவைப்படவில்லை, குரலே போதுமாயிருந்தது. சட்டைப் பொத்தான் அறுந்திருந்தால் ஒரு சத்தம். கதவைத் திறக்கத் தாமதமானால் ஒரு சத்தம். மாடி வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள். அந்தச் சத்தம் எழும்போதெல்லாம் ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு மூலையில் ஒடுங்கிய மகனுக்கு, வளர்ந்த பின் அதுவே தொழிலாயிற்று. இன்று அவன் ஒலிப்பதிவாளன். நண்பர்கள் அவனைச் 'சவுண்டு' என்று கூப்பிடுவார்கள், சத்தமே போடாதவன் என்பதால்.

முதல் பாகம் பார்க்கக் குடும்பமாகப் போன அன்று, திரையரங்கு வரிசையில் ஒருவன் ராணியம்மாவை இடித்தான். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க தம்பி" என்றாள், தன் சொந்தக் குரலில். முந்தைய காட்சி முடிந்து வெளியே வந்துகொண்டிருந்த கூட்டம் சட்டென்று திரும்பியது. அந்தக் குரலை அவர்கள் இப்போதுதான் உள்ளே கேட்டிருந்தார்கள். யாரோ சிரித்துக்கொண்டே தலை குனிந்தார்கள். பிறகு எல்லோரும். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட, ராணியம்மா வெட்கத்தோடு நடந்தாள். பெரியவர் அவள் பின்னால் நடந்தார்.

அன்றிலிருந்து அவர் குரல் இறங்கிவிட்டது. ஏன் என்று அவரும் சொல்லவில்லை, கேட்கும் துணிச்சலும் யாருக்கும் இல்லை. வீட்டில் அவள் ஒருநாளும் பேரரசியின் குரலில் பேசியதில்லை. அது இருக்கிறது என்பதே போதும் என்று நினைத்தாள். மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்று யோசிக்காமல் விளக்கின் கீழே வாழ்கிறவர்களைப் போல, அந்த அமைதியின் கீழே அவர்கள் வாழத் தொடங்கினார்கள்.

மருமகள் அந்த வீட்டுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். பழைய சத்தத்தை அவள் கேட்டதில்லை. அதைப் பற்றிப் பேச்சு வரும்போது கணவனின் தோள்கள் எப்படிச் சுருங்கும் என்பதை மட்டும் பார்த்திருந்தாள். கேட்டவர்களைவிடக் கேளாதவளுக்குப் பயம் அதிகம். அவளாகவே அதற்கு ஓர் உருவம் கொடுத்து வைத்திருந்தாள்.

"வாங்க மேடம்" என்றான் சவுண்டு.

ஸ்டூடியோவுக்குள் அவன் தாயை அப்படித்தான் கூப்பிடுவான். முதலில் விளையாட்டாகத் தொடங்கியது, பின்னர் விதியாயிற்று. அம்மா என்று கூப்பிட்டால் 'இன்னொரு டேக்' என்று கேட்க வாய் வராது என்பான்.

"என்ன, நீயும் வந்திருக்கே?" என்று மனைவியைக் கேட்டான். "ஆபீஸ் லீவா?"

"கடைசி நாள்ல. பார்க்கலாம்னு."

பொய் சரளமாக வந்தது. அதுவே அவளைப் பயமுறுத்தியது.

டப்பிங் இயக்குநர் கும்பிடு போட்டார். "ராணியம்மா, வயித்துல பாலை வார்த்தீங்க. ஒரே கூவல், நான் வீட்டுக்குப் போயிடுவேன். என் பொண்டாட்டிக்கு என் முகம் மறந்துபோச்சு."

"அது அவங்களுக்கு நல்லதுதானே" என்றாள் ராணியம்மா. எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் மறைவில் அவள் இருமலை விழுங்கியதை மருமகள் மட்டும் பார்த்தாள்.

குரல் அறையின் கதவு கனமானது. சாத்தும்போது காதில் மெல்லிய அழுத்தம் தரும். நான்கு சுவர்களிலும் பஞ்சுப் பலகைகள். எதிரே அகலமான கண்ணாடி, அதற்கப்பால் சவுண்டும் அவனுடைய இயந்திரங்களும். கதவுக்கு மேலே, டேக் தொடங்கும்போது எரியும் சிவப்பு விளக்கு. வெந்நீர் ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு மருமகள் மூலையில் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டப்பிங் இயக்குநர் அலைபேசியைக் காதில் வைத்தபடி வெளியே போவது தெரிந்தது. யாரோ மேலிடத்திலிருந்து அழைக்கிறார்கள் போலும்.

திரையில் கோட்டை மதில் உறைந்து நின்றது. பேரரசி வாய் திறக்கக் காத்திருந்தாள்.

"அத்தை, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. எழுந்து போயிடலாம்."

ராணியம்மா சுற்றிலும் பார்த்தாள். பஞ்சுச் சுவர். அடைத்த கதவு. இங்கே கத்தினாலும் வெளியே ஒருவருக்கும் கேட்காது. வீட்டில் குழாயைத் திறந்துவிட்டு இருமியவளுக்கு, உலகத்திலேயே பத்திரமான இடம் இதுதான் என்று அந்தக் கணத்தில் தோன்றியிருக்க வேண்டும்.

"குரல் போயிடும்னு எனக்குப் பயம் இல்லம்மா" என்றாள் மெல்லிய குரலில். "போனா போகுது. வாயசைச்சே மிச்ச காலத்தை ஓட்டிடுவேன். என் பயம் வேற."

"என்ன அத்தை?"

"உன் மாமா என்னைப் பார்த்தா அடங்கியிருக்கார்? அவளைப் பார்த்துல்ல அடங்கியிருக்கார்." திரையில் நின்ற முகத்தைக் கண்ணால் காட்டினாள். "நாளைக்குத் தொண்டையை அறுத்து அவளை எடுத்துட்டாங்கன்னா, வீட்டுக்குத் திரும்பி வரப்போறது யாரு? பழைய நான்தானே. பழைய நான் வந்தா பழைய அவரும் வந்துடுவாரே."

மருமகள் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். அது பனிக்கட்டியாக இருந்தது.

"அவனுக்கு அது தெரியவே கூடாது. சின்னதுல அவன் கேட்டது போதும். எனக்கு பயமா இருக்கு கண்ணு. டாக்டர் திரையில காட்டினாரே, அந்தச் சிவப்பைவிட எனக்கு அந்தச் சத்தம்தான் பயமா இருக்கு."

இந்தத் தவற்றை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். வெளியிலிருந்து வருபவர்கள் அந்த அறையில் வாயைப் பொத்திக்கொள்வார்கள், அங்கே தொங்கும் மைக்கைப் பார்த்து மிரள்வார்கள். பாதி வாழ்க்கையை அங்கேயே கழித்தவளுக்குத்தான் அது மறந்துபோகும். சத்தம் வெளியே போகாத அறை அது. ஆனால் உள்ளே விழும் ஒவ்வொரு மூச்சும் ஒருவன் காதுக்குப் போகும். சவுண்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. அவள் கதவைத் தாண்டி உள்ளே வந்ததிலிருந்து வெளியேறும்வரை பதிவை நிறுத்தவே மாட்டான். வசனங்களுக்கு நடுவே அவள் விடும் பெருமூச்சும், 'ம்' என்பதும், எச்சில் விழுங்குவதும் பேரரசிக்குத் தேவைப்படும் என்று தனித்தனியாக எடுத்துவைப்பான்.

மருமகள்தான் முதலில் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடிக்கப்பால் அவள் கணவன் திரையைப் பார்க்கவில்லை. இரண்டு கைகளாலும் ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்தியபடி, தாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் தோள்கள் சுருங்கியிருந்தன.

டப்பிங் இயக்குநர் திரும்பி வந்தார். "போலாமா?" என்று கட்டைவிரலை உயர்த்தினார்.

ராணியம்மா எழுந்து நின்றாள். எதிரே வசனத் தாள் வைக்கும் சட்டகத்தில் நகத்தால் இரண்டு முறை தட்டினாள். தயார் என்பதற்கு அவளுடைய அடையாளம் அது.

சிவப்பு விளக்கு எரியவில்லை. ஒலிபெருக்கி கரகரத்தது.

"மைக்குல ஏதோ பிரச்சனை. இன்னிக்கு வேண்டாம்மா."

டப்பிங் இயக்குநர் அவன் தோளை உலுக்குவது தெரிந்தது. உள்ளே பேசும் பொத்தானைச் சவுண்டு அழுத்தியபடியே இருந்ததால் அவர் பேச்சும் உள்ளே கேட்டது. "என்னடா பிரச்சனை? இப்பத்தானே நல்லா இருந்துச்சு? சவுண்டு, விளையாடாதே. சாயங்காலம் போகலேன்னா என் தோலை உரிச்சிடுவாங்க."

"கேபிள் சரியில்ல சார். மாத்தணும்."

"மாத்து! இப்பவே மாத்து!"

ராணியம்மா அந்தப் பேச்சைக் கவனிக்கவில்லை. 'அம்மா' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டாள். இந்த அறையில் அவன் அவளை ஒருநாளும் அப்படி அழைத்ததில்லை. மெல்லத் தலையைத் தூக்கி மைக்கைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று விழுந்து உடைந்தது.

உடைந்த இடத்திலிருந்து எழுந்து வந்த குரல் அவளுடையதாக இல்லை.

"பதிவைத் தொடங்கு."

தாழ்ந்த குரல்தான். டப்பிங் இயக்குநர் தம்மை அறியாமல் ஓரடி பின்வாங்கினார். சவுண்டின் கை பொத்தானுக்குப் போனது.

"அத்தை, வேண்டாம்" என்று மருமகள் எழுந்தாள். யார் காதிலும் அது விழவில்லை.

சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் கதவு திறந்தது, புழுதி எழுந்தது. மதில்மேல் நின்றவள் வாய் திறந்தாள்.

"மகனே!"

ராணியம்மா திரையைப் பார்க்காமல், கண்ணாடிக்கப்பால் இருந்தவனைப் பார்த்துக் கூவினாள். உதட்டசைவு தவறுமோ என்று மருமகளுக்கு ஒரு கணம் தோன்றியது. தவறவில்லை. பஞ்சுச் சுவர்களால் விழுங்க முடியாத அளவு ஏதோ அந்தக் குரலில் இருந்தது. ஒலிமானியின் முள் சிவப்புக்குள் பாய்ந்து அங்கேயே நின்றது. சொல்லின் கடைசியில், கூவல் திடீரென்று கிழிந்து, வெறுங்காற்றாக முடிந்தது.

டப்பிங் இயக்குநர் கையைத் தட்டிக்கொண்டு குதித்தார். "கடைசியில உடையுது பாருங்க, அங்கதான்யா மொத்தப் படமும் இருக்கு! இதுக்கு இன்னொரு டேக் கேட்டா என் நாக்கு அழுகிடும்." அலைபேசியில் எண்ணைத் தேடியபடியே வெளியே ஓடினார்.

ராணியம்மா புன்னகைத்தாள். மருமகளிடம் ஏதோ கேட்க வாயைத் திறந்தாள்.

உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

மறுபடி முயன்றாள். கழுத்து நரம்புகள் புடைத்தன. வெறுங்காற்றுதான் வந்தது. கையைத் தொண்டையில் வைத்துக்கொண்டு, விளக்கணைந்த வீட்டில் சுவரைத் தடவுகிறவளைப் போல நின்றாள்.

"அத்தை! அத்தை, பேசாதீங்க. தண்ணி குடிங்க. ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்ல அத்தை."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் கைப்பையில் அலைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். 'மாமா' என்றிருந்தது. நிற்கட்டும் என்று விட்டாள். நின்றது. உடனே மறுபடி அதிர்ந்தது.

"ஹலோ, மாமா."

"எங்கம்மா இருக்கீங்க?"

"ஸ்டூடியோல. இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி."

"ஆஸ்பத்திரியிலேர்ந்து எனக்குக் கூப்பிட்டாங்க. நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட வரணுமாம். கூட ஆள் இருக்கணுமாம். யாருக்கும்மா?"

கார்டு. பழைய நம்பர். தலையாட்டியது. மருமகளுக்கு இப்போதுதான் உறைத்தது.

"தப்பான நம்பரா இருக்கும் மாமா."

"அவ பேரைச் சொல்லிக் கேக்கறாங்க. அது தப்பான நம்பரா? ஃபோனை அவகிட்ட குடு."

"அத்தை உள்ள வேலையா..."

"ஒரு வார்த்தை பேசச் சொல்லும்மா. வெச்சிடறேன்."

அவர் குரல் உயரவில்லை. ஒரே மட்டத்தில், இழுத்துக் கட்டிய கம்பியைப் போல இருந்தது. மருமகள் செய்வதறியாமல் கண்ணாடியைப் பார்த்தாள்.

சவுண்டுக்கு எல்லாம் கேட்டிருந்தது. மைக் இன்னும் திறந்தே இருந்தது. அவன் சைகை காட்டினான், அலைபேசியை ஒலிபெருக்கியின் பக்கத்தில் பிடி என்று. அவன் என்ன செய்யப்போகிறான் என்று அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் பிடித்தாள். அவனுடைய விரல்கள் விசைப்பலகையில் எதையோ தேடின. மூன்று பாகங்களின் தாயும் அந்த இயந்திரத்துக்குள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தாள்.

"வருகிறேன்" என்றது ஒலிபெருக்கி. "வாசலைத் திறந்து வை."

இரண்டாம் பாகத்தின் வரி அது. திரையரங்கங்கள் எழுந்து நின்று கேட்ட வரி.

ராணியம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். அவள் வாய் மூடியிருந்தது. அவள் குரல் அவளைக் கேட்காமலேயே அவளுடைய வீட்டோடு பேசிக்கொண்டிருந்தது. தொண்டையில் வைத்திருந்த கை மெல்ல வாய்க்கு ஏறியது.



"யாரு?" என்றார் பெரியவர்.

பிறகு அது வந்தது. பல ஆண்டுகளாகப் பூட்டியிருந்த கதவு உதைபட்டுத் திறந்ததைப் போல வந்தது.

"யாரு அது? டேய், அங்க யாருடா? அவ என்னைக்குடா வீட்டுல இந்தக் குரல்ல பேசியிருக்கா? அவ எங்கே? அவளுக்கு என்ன ஆச்சு? சொல்லுங்கடா!"

மருமகள் தன் வாழ்நாளில் முதன்முதலாக அந்தச் சத்தத்தைக் கேட்டாள். அவள் கொடுத்து வைத்திருந்த உருவத்தைவிட அது பெரியதாக இருந்தது. கண்ணாடிக்கப்பால் சவுண்டு ஹெட்ஃபோனைக் கழற்ற மறந்து, நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். ராணியம்மா சட்டகத்தைப் பிடித்துக்கொண்டு ஒடுங்கினாள். யார் கண்ணுக்கும் அவள் பேரரசியாக இப்போது தெரியமாட்டாள். அடுத்த சத்தத்துக்காகக் காத்திருக்கும் ஒரு பெண், அவ்வளவுதான்.

அடுத்த சத்தமும் வந்தது.

"பேசச் சொல்லுடா அவளை!"

ஒடுங்கியவள் கையை நீட்டினாள். மருமகளிடமிருந்து அலைபேசியை வாங்கி முகத்தருகே கொண்டுபோனாள். நகத்தால் அதன்மேல் இரண்டு முறை தட்டினாள். பிறகு, சொல் இல்லாத, குரல் இல்லாத ஒரே ஒரு மூச்சை அதற்குள் விட்டாள்.

சத்தம் பாதியில் அறுந்தது.

"நீயா?" என்றார் அவர். இரைந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

இரண்டு தட்டு.

"பேச முடியலையா?"

ராணியம்மா கண்களை மூடிக்கொண்டாள். மெதுவாக, மறுபடி இரண்டு முறை தட்டினாள்.

அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று தரையில் உரசி விழும் ஓசை கேட்டது. சாவிக்கொத்து குலுங்கியது.

"நான் அங்க வரேன்."

இணைப்பு அறுந்தது. மனைவி வேலை பார்க்கும் இடத்துக்கு அவர் ஒருநாளும் வந்ததில்லை. வாசலில் இறக்கிவிட்டுக்கூடப் போனதில்லை. அந்த 'வரேன்' எந்த மனிதருடையது என்று மருமகள் அத்தையின் முகத்தில் தேடினாள். அத்தைக்கும் தெரியவில்லை என்பதுதான் அங்கே எழுதியிருந்தது.

சவுண்டு கனத்த கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். தாயின் பக்கத்தில் நின்றான். கதவு தானாகவே பின்னால் சாத்திக்கொண்டு, மூன்று பேரின் காதையும் மெல்ல அழுத்தியது.

இனி அந்தக் கதவுக்கு வெளியே எவ்வளவு பெரிய சத்தம் எழுந்தாலும் உள்ளே கேட்காது. வருகிறவர் எப்படி வருகிறார் என்பது, அது திறந்த பிறகுதான் தெரியும்.